வாய்மொழி வாக்குறுதி தீர்மானம் ஆன கதை

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அந்த மழையில் எங்கள் தெருமுனைச் சிறுபாலம் ஒரு பக்கம் உள்வாங்கியது. வேலூரை அடுத்த சிறிய நகராட்சி எங்களுடையது. அதன்பின் மழை பெய்தாலே சாக்கடை நீர் அங்கன்வாடி வாசலில் தேங்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும்.

வார்டு உறுப்பினரிடம் சொன்னோம். அலுவலகத்திலும் சொன்னோம். "பார்க்கிறோம்" என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் வாயால் சொன்னதற்குக் கோப்பு கிடையாது. கோப்பு இல்லாத வேலைக்குப் பணமும் கிடையாது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது.

கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரங்களுக்குப் பகுதி சபை உண்டு. 2022-இல் அதற்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. நகரத்தில் பலருக்கு இது இன்னும் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எங்கள் பகுதிக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தெருவிளக்கு, நாய்த் தொல்லை, குடிநீர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நாங்கள் மனுவைக் கையில் கொடுத்து, கூட்டப் பதிவேட்டில் அதை எழுதவைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டோம். வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

பிறகு பொறியாளர் பிரிவு. இடத்தை அளந்து மதிப்பீடு தயாரித்தால்தான் அது மன்றப் பொருளாக அஜெண்டாவில் ஏறும். அங்கேதான் அதிக நாள் போனது. அளக்க வந்த உதவியாளர் நல்ல மனிதர். பாலத்தை மட்டும் கட்டினால் போதாது, அதையொட்டிய கால்வாயையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அவரே சொன்னார்.

நகர்மன்றக் கூட்டத்துக்குப் பார்வையாளராகப் போனேன். பார்வையாளர் பேச முடியாது, கேட்கலாம். பொருள்கள் வேகமாக வாசிக்கப்பட்டு "நிறைவேற்றப்பட்டது" என்று கடந்துகொண்டிருந்தன. எங்கள் பொருள் வந்தபோது, எந்த நிதியிலிருந்து செலவு என்று குறிப்பில் இல்லாததால் ஒத்திவைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் காரணம் சரியானது. வார்டு உறுப்பினரைப் பார்த்து, பொது நிதியிலிருந்து என்று குறிப்பைத் திருத்தி மறுபடி வைக்கச் சொன்னோம். அவரும் விடாமல் நின்றார். அடுத்த கூட்டத்தில் நிறைவேறியது.

நிறைவேறியது என்று கேள்விப்படுவதோடு நிற்காதீர்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மான நகலும் மதிப்பீட்டு நகலும் கேட்டு விண்ணப்பித்தேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு அந்த அவசியம் வரவில்லை. தீர்மான எண் கையில் இருந்ததால், ஒப்பந்தப்புள்ளி எப்போது, பணி ஆணை யாருக்கு என்று கேட்கும்போது அலுவலகத்தில் உடனே கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். மதிப்பீட்டின் நகலை வைத்துக்கொண்டு, கான்கிரீட் போடும்போது தெருப் பெண்கள் அருகில் நின்று கம்பியின் கனத்தைச் சரிபார்த்தார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பாலம் முடிந்தது. மதிப்பீட்டில் இருந்த கால்வாயில் கடைசிப் பகுதியை மட்டும் தூர் வாராமல் விட்டிருக்கிறார்கள். தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு, அடுத்த பகுதி சபைக்கான மனுவை எழுதி முடித்துவிட்டோம்.