ரயில்வே சிக்னல் பாடத்தைச் சிவப்பிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்

உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் ஓட்டுநரின் உதவியாளர்) பணிக்குத் தேர்வாகிப் பயிற்சி மையத்தில் சேர்ந்த புதிதில், வகுப்புத் தேர்வு ஒன்றில் “இரட்டை மஞ்சள் எதைக் குறிக்கும்?” என்ற கேள்விக்கு “வேகத்தைக் குறைக்கவும்” என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். விடைத்தாளைத் திருப்பித் தந்த பயிற்றுநர், “எதற்காகக் குறைக்க வேண்டும்? அடுத்த சிக்னல் எப்படி இருக்கும்?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சாலைச் சந்திப்பு விளக்கைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ரயில்வே சிக்னலைப் படித்ததே என் பிழை.

சாலை விளக்கு, தான் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். முழு வேகத்தில் வரும் ரயில் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் தேவைப்படலாம் என்பதால், ரயில்வே சிக்னல் தனக்கு அடுத்த சிக்னலைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலில் நிற்பதற்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டும். இரட்டை மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலைக் கட்டுப்படுத்திய வேகத்தில் கடப்பதற்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டும். சிவப்புக்கும் பச்சைக்கும் விளக்கம் தேவையில்லை.

இதை மனப்பாடம் செய்வதைவிட வரைந்து பார்ப்பது எனக்குப் பலன் தந்தது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் போன்ற, ரயில்கள் கடப்பதற்கேற்பச் சிக்னல்கள் தாமாகவே மாறும் தானியங்கி சிக்னல் பகுதியில் ஒரு ரயில் நிற்பதாகத் தாளின் வலது ஓரத்தில் வரைந்துகொண்டு, அதன் பின்னால் உள்ள சிக்னல்களை ஒவ்வொன்றாக இடப்பக்கம் நோக்கி எழுதினால் சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்ற வரிசை தானாக வந்துவிடும். அடுத்ததாக, நிலையத்தில் முதன்மைப் பாதையிலிருந்து பிரியும் லூப் லைனில் நிறுத்தப்படும் ரயிலை வரையுங்கள்: நிலையத்திலிருந்து புறப்படும் இடத்தில் உள்ள ஸ்டார்ட்டர் சிவப்பு, நிலைய நுழைவில் உள்ள ஹோம் மஞ்சளோடு, பிரியும் திசையைக் காட்டும் ஐந்து வெள்ளை விளக்குகளின் வரிசையும் எரியும், அதற்கு முன்பே ஹோமின் நிலையை அறிவிக்கும் டிஸ்டன்ட் இரட்டை மஞ்சள். மாறாக, டிஸ்டன்டில் ஒற்றை மஞ்சள் இருந்தால் ஹோம் சிவப்பில் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஒரே மஞ்சள், நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறு செய்தியைச் சொல்வது இந்த இரண்டாம் படத்தில்தான் எனக்கு விளங்கியது.

பெரும்பாலோர் தடுமாறுவது கம்பத்தில் உள்ள எழுத்துப் பலகைகளில். ‘ஏ’ என்ற எழுத்து தானியங்கி சிக்னலுக்கும், ‘ஜி’ லெவல் கிராசிங் கேட் சிக்னலுக்கும், ‘பி’ டிஸ்டன்டுக்கும் உரியவை. ‘ஏ’ பலகையுள்ள சிக்னல் சிவப்பில் இருந்தால், ரயிலை நிறுத்திப் பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் காத்திருந்து, பிறகு மிகுந்த எச்சரிக்கையுடன் மெதுவாகச் செல்லலாம். ‘ஜி’ சிக்னலிலும் காத்திருக்கும் நேரம் அதுவேயாயினும், கேட் வரை மட்டுமே எச்சரிக்கையுடன் சென்று, கேட் மூடியிருப்பதை உறுதிசெய்து, கேட்மேனின், அவர் இல்லாவிட்டால் எஞ்சின் பணியாளர் ஒருவரின், கைச் சைகை பெற்ற பின்னரே கடக்க வேண்டும். பலகை இல்லாத ஹோம், ஸ்டார்ட்டர் சிவப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. உரிய அனுமதி கிடைக்கும்வரை எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டியதுதான். இந்த மூன்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்க்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

விளக்கு எதுவும் எரியாத சிக்னலை, அது காட்டக்கூடிய மிகக் கடுமையான நிலையில் இருப்பதாகவே கருத வேண்டும். இரட்டை மஞ்சளில் ஒரு விளக்கு அணைந்தால் மீதமிருப்பது ஒற்றை மஞ்சள், அதாவது கூடுதல் கட்டுப்பாடு. பழுதுகூடப் பாதுகாப்பின் பக்கம் சாயும்படி வடிவமைத்தவர்களை அன்று மனத்துக்குள் பாராட்டினேன். நிலையத்துக்குள் எஞ்சினையும் பெட்டிகளையும் இடம் மாற்றுவதற்கான ஷண்ட் சிக்னல் எளிது: இரு வெள்ளை விளக்குகள் கிடையாக இருந்தால் நில், சாய்வாக இருந்தால் மெதுவாகச் செல்.

இந்தப் பாடம் ஆள்சேர்ப்புக்கான கணினித் தேர்வுகளில் வருவதில்லை. தேர்வான பிறகே வரும். ஆனால் இந்தப் பணிக்கான ஏ-1 மருத்துவத் தகுதியில் நிறப் பார்வையும் சோதிக்கப்படுவதால், பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்களைப் படிக்கும் இஷிஹாரா சோதனையைக் கண் மருத்துவரிடம் செய்துகொள்வது நல்லது. என்னுடன் படித்த ஒருவர் எல்லாத் தேர்வுகளையும் தாண்டி, அந்தப் புள்ளி எண்களைப் படிக்க முடியாமல் வீடு திரும்பினார்.

எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்காக நானும் அறை நண்பரும் அட்டைகளில் வண்ணம் தீட்டி, அவர் ஓர் அட்டையைக் காட்டியவுடன் சிக்னலின் பெயர், அதன் நிறம், அடுத்த சிக்னலில் எதிர்பார்ப்பது ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினோம். நிறத்தை மட்டும் சொன்னால் அந்த அட்டை மீண்டும் கட்டின் அடியில் போய்விடும்.