853 வாட் காட்டிய 60 வாட் பல்பு

பழைய பெட்டியைத் துழாவியபோது 60 வாட் குண்டு பல்பு ஒன்று கிடைத்தது. மின் அளவுகளைப் பார்க்கும் மல்டிமீட்டரை, தடையை அளக்கும் ஓம் நிலையில் வைத்து பல்பின் முனைகளைத் தொட்டேன். 62 ஓம் காட்டியது. பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் படித்துக்கொண்டிருக்கும் அக்காள் மகன் உடனே கணக்குப் போட்டான். "மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வாட். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், அதன் வர்க்கம் 52,900. அதை 62-ஆல் வகுத்தால் 853 வாட் வருகிறதே, மாமா. பல்பில் 60 என்றுதானே போட்டிருக்கிறது?"

கணக்கிலும் பிழை இல்லை, மீட்டரிலும் பிழை இல்லை. எரியும்போது இழை சூடாகித் தடை கூடிவிடும் என்று சொன்னேன். தலையாட்டினான், நம்பியதாகத் தெரியவில்லை. சொல்வதைவிட அளந்து காட்டுவதே முறை என்று பட்டது. பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 230 வோல்ட்டில் கை வைக்க எனக்கு மனம் இல்லை. அதனால் பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை வாங்கி வந்தேன்.

முதல் ஞாயிறு வீணானது. அவசரத்தில் மீட்டரின் சிவப்பு வயரைச் சிறிய மின்னோட்டத்துக்கான துளையிலேயே விட்டுவிட்டு பல்பை பேட்டரியோடு இணைத்தேன். உள்ளே இருந்த ஃபியூஸ் போய்விட்டது. இந்தப் பல்பு எரியும்போதே ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் துளையில்தான் வயரைச் செருகியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு புது ஃபியூஸோடு உட்கார்ந்தோம். ஆம்பியர் பார்க்கும் மீட்டரைப் பல்போடு தொடராகவும், வோல்ட் பார்க்கும் இரண்டாவது மீட்டரை பேட்டரி முனைகளிலும் வைத்தோம். 12.4 வோல்ட், 1.73 ஆம்பியர். வகுத்தால் 7.17 ஓம். வோல்ட் மீட்டரின் முனைகளை பேட்டரியிலிருந்து எடுத்துப் பல்பின் அடியிலேயே வைக்கச் சொன்னேன். அங்கே 11.7 வோல்ட்தான் இருந்தது. தடை 6.76 ஓம் ஆகிவிட்டது. மிச்சம் 0.7 வோல்ட் எங்கே போனது? மெல்லிய வயரும் முதலைக் கிளிப்புகளும் மீட்டரும் சேர்ந்து தின்றிருந்தன. 0.7-ஐ 1.73-ஆல் பெருக்கினால் 1.2 வாட். கிளிப்பைத் தொட்டுப் பார்த்தவன், "வெதுவெதுப்பாக இருக்கிறது, மாமா" என்றான். கணக்கில் வந்த வாட்டை அவன் விரலால் உணர்ந்த அந்த நொடி எனக்குப் பெரிய சந்தோஷம்.

பேட்டரி இன்னொரு தொல்லையும் கொடுத்தது. குறித்துக்கொள்வதற்குள் அழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. தடையின் அலகுக்குப் பெயர் தந்த விஞ்ஞானி ஓம் 1826இல் தன் சோதனைகளைச் செய்தபோது அவரையும் இதே சிக்கல்தான் படுத்தியது. அன்றைய மின்கலங்கள் நிலையாக நிற்காததால், பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத மின்னழுத்தத்தைப் பெற்றார். நான் நண்பரிடமிருந்து அழுத்தத்தை மாற்றக்கூடிய பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கினேன்.

மூன்றாவது ஞாயிறுதான் விளைச்சல். பல்பின் முனைகளில் 1 வோல்ட் வைத்தபோது 0.45 ஆம்பியர், தடை 2.2 ஓம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் இழை சிவப்பாக இருப்பது மங்கலாகத் தெரிந்தது. 3 வோல்ட்டில் 0.82 ஆம்பியர், 3.7 ஓம். 6 வோல்ட்டில் 1.20 ஆம்பியர், 5 ஓம், 7.2 வாட். 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர், 6.86 ஓம், சரியாக 21 வாட். அழுத்தம் இரட்டிப்பானபோது மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆனது. திறன் நான்கு மடங்காகாமல் மூன்று மடங்கில் நின்றது.

குளிர்ந்த இழையின் தடையை மீட்டரில் நேராகப் பார்ப்பதில் சிக்கல் இருந்தது. 0.8 என்று காட்டியது. ஆனால் வயர்களின் நுனிகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 வருகிறது. எனவே 100 ஓம் தடை ஒன்றைத் தொடராகக் கோத்து 5 வோல்ட் கொடுத்தேன். 49.7 மில்லி ஆம்பியர் ஓடியது. பல்பின் மேல் 26.1 மில்லிவோல்ட். தடை 0.525 ஓம். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் இழை சூடாக வழியே இல்லை. எரியும்போது இருந்த தடையில் இது பதின்மூன்றில் ஒரு பங்கு. 853 வாட் எங்கிருந்து வந்தது என்று பையன் அதன்பின் கேட்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 1500 வாட் கெட்டிலையும் எடுத்தோம். பிளக்கைப் பிடுங்கி, அதன் சுவிட்சைப் போட்ட நிலையில் வைத்து, பிளக்கின் முனைகளில் பார்த்தபோது 35.4 ஓம். 52,900-ஐ அதனால் வகுத்தால் 1,494 வாட். கெட்டிலைச் சூடாக்கும் நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியின் தடை சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. அதனால் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவே போதும். மாலையில் எங்கள் வீட்டு மின்னழுத்தம் 210-க்கு இறங்கும்போது அதே கெட்டில் 1,246 வாட்தான் தரும். தேநீர் ஏன் தாமதமாகிறது என்று அக்காவுக்கு எண்ணோடு விளக்கினான் பையன்.

குளிர்ந்த பல்பில் 12 வோல்ட்டைப் போடும் கணத்தில் 12-ஐ 0.525-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 23 ஆம்பியர். பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாய்ச்சலைப் பிடிக்க மல்டிமீட்டரின் வேகம் போதாது. 0.1 ஓம் தடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மின்னழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் கிடைத்ததும் அந்தத் தடையின் மேல் விழும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.