எஸ்2 விண்மீனின் பாதையில் ஐந்தாம் விசையைத் தேடினேன்

பால்வெளியின் நடுவில், நம்மிடமிருந்து சுமார் 27,000 ஒளியாண்டு தள்ளி, 43 லட்சம் சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. எஸ்2 அதை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இயற்கையில் தெரிந்த விசைகள் நான்கு; ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்புக்கு மேல் ஐந்தாவதாக வேறு விசை இருந்தால் இந்தப் பாதை காட்டிக்கொடுக்கும். முதுகலை ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

சிலியிலுள்ள தொலைநோக்கிகள் 1992 முதல் 2016 வரை அளந்த தரவு 2017இல் அட்டவணையாகவே வெளியாகியிருக்கிறது. நியூட்டன் விசையோடு யுகாவா உறுப்பை, அதாவது ஒரு தொலைவுக்கு அப்பால் வேகமாகத் தேய்ந்துபோகும் கூடுதல் விசையை, சேர்த்தேன்: ஆல்ஃபா அதன் வலிமை, லாம்டா அது எட்டும் தொலைவு. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலே பாதையைச் சுற்றுக்கு ஐந்தில் ஒரு பாகை திருப்பிவிடும். அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் யுகாவா அதன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். அதனால் முதலிலேயே போட்டுவிட்டேன்.

லாம்டாவை மிகப் பெரிதாக வைத்தபோது ஆல்ஃபா எந்த மதிப்பிலும் நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்துதான் உறைத்தது. விசை எட்டும் தொலைவு பாதையைவிட மிகப் பெரிதானால், எல்லா இடத்திலும் ஈர்ப்பு ஒரே விகிதத்தில் கூடும்; கருந்துளையின் நிறை அதை அப்படியே விழுங்கிவிடும். லாம்டா பாதையின் அளவை ஒட்டி இருந்தால்தான் நீள்வட்டம் கூடுதலாகத் திரும்பும், நமக்கும் பிடி கிடைக்கும்.

லாம்டாவை சூரியன்–பூமி தொலைவைப் போல 1,000 மடங்கு வைத்தேன். ஆல்ஃபா சுழியைவிட்டு விலகி நின்றது, புதிய விசை இருப்பதுபோலவே! அன்றிரவு தூக்கமே வரவில்லை.

காலையில் வழிகாட்டியிடம் காட்டினேன். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கருந்துளையை எங்கம்மா வச்சிருக்கே?" என்றார்.

"சுழி, சுழியில, மேடம்."

"அது அங்கேயே நிக்குதுன்னு யார் சொன்னா?"

கோளாறு அங்கேதான். கருந்துளையின் இடம் ரேடியோ அளவீட்டிலிருந்து வருகிறது. எஸ்2வின் இடம் அகச்சிவப்புப் படத்திலிருந்து. இரண்டையும் ஒட்டவைத்த மையம் ஆண்டுக்காண்டு துளி நகரலாம். போதாததற்கு 2002க்கு முந்தைய படங்கள் வேறொரு சிறிய தொலைநோக்கியில் எடுத்தவை. மையத்தின் அந்த நகர்வு, பாதை திரும்புவதுபோலவே தெரியும்.

மையத்தின் இடத்தையும் நகர்வையும், தரவு வெளியான கட்டுரையில் கொடுத்திருந்த பிழை வரம்புக்குள் தளரவிட்டேன். மறுபடி மூன்று நாள் லேப்டாப் ஓடியது. ஆல்ஃபாவுக்குக் கிடைத்த மதிப்புகளின் புள்ளிக்கூட்டம் அகன்று, சுழியை நடுவில் வைத்து உட்கார்ந்தது. இழந்ததுபோல் இருந்தாலும் அதுதான் நேர்மையான விடை.

ஹவாயின் கெக் தொலைநோக்கிக் குழு 2017இல் எஸ்2வோடு இன்னொரு விண்மீனையும் சேர்த்து, லாம்டா சூரியன்–பூமி தொலைவைப் போல 150 மடங்கு என்றால் ஆல்ஃபா 0.016க்கு மேல் இருக்க முடியாது என்று காட்டியிருந்தது. என் வரம்பு அதைவிட மிகத் தளர்வு. என் தரவு 2016இல் நின்றுவிடுகிறது. எஸ்2 கருந்துளைக்கு மிக அருகே, நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போனது 2018 மே மாதத்தில். அந்த அளவீடுகளைச் சேர்க்கும் வேலையை இப்போது தொடங்கியிருக்கிறேன்.