மயோனைஸ் இல்லாத கிரேக்க உருளைக்கிழங்கு சாலட்

முட்டை, பால் எதுவும் வேண்டாம். எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் போதும். 750 கிராம் உருளைக்கிழங்கைத் தோலோடு, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே குழைந்துவிடும், உள்ளே வேகாது. குக்கர் வேண்டவே வேண்டாம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கியதும் வடித்து, சூட்டோடு தோலுரித்து நறுக்கி, முதலில் 3 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். 5 நிமிடம் கழித்து 5 மேசைக்கரண்டி எண்ணெய். வரிசை மாறினால் எண்ணெய் மேலே படிந்து, புளிப்பு உள்ளே இறங்காது.

பெரிய வெங்காயம் பாதியை மெலிதாக அரிந்து 10 நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டால் காரம் அடங்கும். உருளைக்கிழங்கு ஆறியதும் இந்த வெங்காயம், ஆலிவ், அலசிய கேப்பர்ஸ் (உப்பிலிட்ட சிறு பூமொட்டுகள்), பார்ஸ்லி, காய்ந்த ஓரிகானோ எல்லாம் சேருங்கள். (கொத்தமல்லி போட்டால் அது வேறு சாலட்!) உப்பு கடைசியில்தான்; ஆலிவிலும் கேப்பர்ஸிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.