எண்ணூறு மில்லிமீட்டர் குழாய்க்குள்

டேப்பை எடுத்து 80 சென்டிமீட்டர் இழுத்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையின் உயரத்தைவிட இரண்டு மூன்று விரற்கடை கூடுதல், அவ்வளவுதான். நடுத்தர உயரமுள்ள ஆள் அதற்குள் சம்மணம் போட்டு நிமிர்ந்தால் தலை இடிக்கும். 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்திலிருந்து 41 தொழிலாளர்கள் வெளியே வந்தது இந்த அகலமுள்ள இரும்புக் குழாய் வழியாகத்தான். கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு அந்தக் குழாயின் வாய்க்கு முன்னால் படுத்தும் முட்டி போட்டும் தோண்டியவர்கள், டெல்லியிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் போன 12 பேர் கொண்ட ஒரு குழு. அன்றைக்கு அவர்கள் தோளில் விழாத மாலை இல்லை. ஆனால் கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரம் கைவிட்ட இடத்தில் கை எப்படி வென்றது என்று கேட்டால், ‘எலிவளைக்காரர்கள்’ என்ற பேரைத் தாண்டிப் பலருக்கும் தெரியாது.

நவம்பர் 12, தீபாவளி நாள், விடிகாலை ஐந்தரை மணி. யமுனோத்ரிக்குப் போகும் சாலையில் சில்க்யாராவுக்கும் பர்கோட்டுக்கும் நடுவே குடைந்துகொண்டிருந்த நாலரைக் கிலோமீட்டர் சுரங்கத்தில், வாயிலிருந்து 200 மீட்டருக்குச் சற்று உள்ளே கூரை சரிந்தது. சரிந்த குவியலின் தடிமன் ஏறக்குறைய 60 மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் 41 பேர். நல்லவேளை, அவர்கள் நின்ற பகுதி இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டி முடிக்கப்பட்ட சுரங்கம். நடமாட இடம் இருந்தது, தண்ணீர் இருந்தது, மின்சாரமும் அறுபடவில்லை. ஏற்கெனவே போட்டிருந்த நான்கு அங்குலக் குழாய் ஒன்று குவியலுக்கு அடியில் நசுங்காமல் தப்பியது. முதல் ஒன்பது நாள் அவர்கள் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் குழாய்தான். கம்ப்ரஸர் காற்றில் ஊதி ஊதிப் பொரியும் உலர்பழமும் மாத்திரையும் அனுப்பினார்கள். 20ஆம் தேதி ஆறு அங்குலக் குழாய் ஒன்று உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் சூடான கிச்சடி, பாட்டிலில் அடைத்துப் போனது. அதன் வழியே போன கேமராவில்தான் உள்ளே இருந்தவர்களின் முகத்தை வெளியுலகம் முதலில் பார்த்தது.

முதலில் செய்து பார்த்தது, யாருக்கும் தோன்றுவதுதான்: மண்ணை அள்ளுவது. அள்ள அள்ள மேலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருந்தது. கூரையில் ஓட்டை விழுந்த இடம் புகைபோக்கி மாதிரி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். கீழே ஒரு லோடு எடுத்தால் மேலிருந்து ஒரு லோடு வரும். சிமெண்ட் கலவையைப் பீய்ச்சி நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. ஆகவே குவியலைக் கலைக்காமல், அதற்குள்ளேயே ஒரு குழாயைச் செருகுவது என்று முடிவானது. வேலை தெரிந்தவர்கள் முதல் நாளே இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இதற்கு வந்ததுதான் ஆகர் இயந்திரம். போர்வெல் ரிக்கைப் படுக்கப் போட்டாற்போல நினைத்துக்கொள்ளலாம். குழாய்க்குள் நீளமான திருகு சுற்றும். முன்னால் இருக்கும் மண்ணைக் கடைந்து பின்னால் தள்ளும். குழாயைப் பின்னாலிருந்து ஹைட்ராலிக் ஜாக் உந்தும். முதலில் வந்த சிறிய இயந்திரம் போதவில்லை. டெல்லியிலிருந்து விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானங்கள் பெரிய அமெரிக்க ஆகரைப் பிரித்து ஏற்றிக்கொண்டு வந்து சின்யாலிசௌர் விமானத் தளத்தில் இறக்கின. 17ஆம் தேதி 22 மீட்டர் போனபோது உள்ளே ஏதோ விரிசல் விடுவது போலப் பெரிய சத்தம், வேலை நின்றது. அதுவரை போனது 900 மில்லிமீட்டர் குழாய். அதற்கப்புறம் அதன் வயிற்றுக்குள்ளேயே 800 மில்லிமீட்டர் குழாயை விட்டுத் தொடர்ந்தார்கள். வெளிக்குழாய்க்கு ஏற்கெனவே இருக்கும் மண் உராய்வு உட்குழாய்க்கு அந்த நீளத்தில் இருக்காது. தள்ளுவது சுலபம், பதிலுக்கு வழி ஒரு சாண் குறுகுகிறது என்பதுகூட இல்லை, அரைச் சாண்தான். ஆனால் படுத்து வேலை செய்பவனுக்கு அந்த அரைச் சாண் பெரிய விஷயம்.

குழாய் ஒன்றோடு ஒன்று சேர்வது வெல்டிங்கில். துண்டை ஏற்றி, மட்டம் பார்த்து, சுற்றிலும் பற்றவைத்து, ஆறவிட்டு, பிறகு தள்ள வேண்டும். இதற்கே மணிக்கணக்கில் ஆகும். தொலைக்காட்சியில் ‘இன்னும் சில மணி நேரத்தில்’ என்று தினமும் ஓடிய வரி தினமும் பொய்த்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இரும்பு. சரிந்தது வெறும் மண் இல்லை. கூரையைத் தாங்க வைத்திருந்த கம்பிப் பின்னல் வளைவுகள், குழாய்கள், ராடுகள் எல்லாம் மண்ணோடு சேர்ந்து சுருண்டு கிடந்தன. ஆகருக்கு மண் சரி, கல்லும் ஓரளவு சரி. இரும்புக் கம்பி வந்தால் திருகில் சுற்றிக்கொள்ளும், கிணற்று ராட்டினத்தில் சேலை சிக்கினாற்போல. 24ஆம் தேதி இரவு, சுமார் 47 மீட்டரில், திருகு முறிந்து குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. சர்வதேசச் சுரங்கவியல் சங்கத்தின் அப்போதைய தலைவர் ஆர்னால்ட் டிக்ஸ் அங்கேயே இருந்தார். இனி ஆகர் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

உடைந்த திருகை எடுப்பதே தனி யுத்தம். ஆள் குழாய்க்குள் ஊர்ந்து போய்த் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். கேஸ் கட்டர் என்றால் அந்த அடைசலில் புகை மண்டும், சூடு ஏறும். அரைமணி நேரம் தாக்குப்பிடிப்பதே கஷ்டம். ஹைதராபாத்திலிருந்து பிளாஸ்மா கட்டர் விமானத்தில் வந்த பிறகு வேகம் பிடித்தது. அதற்கு மின்சாரமும் அழுத்தக் காற்றும் போதும், இரும்பைச் சட்டென்று அறுக்கும். 27ஆம் தேதி கடைசித் துண்டும் வெளியே வந்தது. இந்த வெட்டுக்காரர்களைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை. கட்டியிருக்கலாம்.

அன்று மாலை 12 பேரும் இறங்கினார்கள். ‘எலிவளை’ என்பது மேகாலயாவில் நிலக்கரிக்காக, ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கே குறுகலான வளை குடையும் முறைக்கு வைத்த பேர். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடை செய்தது. 2018 டிசம்பரில் அப்படியொரு வளைக்குள் வெள்ளம் புகுந்து சிக்கிய 15 பேரில் ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. ஆனால் இந்த 12 பேர் நிலக்கரிக்காரர்கள் இல்லை. ஊருக்குள் ரோட்டை வெட்டாமல் அடியில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போடுவதுதான் இவர்கள் தொழில். சில்க்யாராவில் செய்ததும் அதே வேலை. மறுமுனையில் நாற்பத்தொரு உயிர் காத்திருந்தது ஒன்றுதான் வித்தியாசம்.

வேலை நடக்கும் விதம் இது. குழாயின் முனைக்கு இரண்டு மூன்று பேர் போவார்கள். ஒருவர் கைத்துளைக் கருவியாலும் சிறு கடப்பாரையாலும் முன்னால் இருக்கும் மண்ணைக் கொத்துவார். கம்பி வந்தால் கட்டரால் அறுப்பார். அடுத்தவர் அதைக் கையாலும் சட்டியாலும் அள்ளிச் சக்கரம் வைத்த தாழ்வான தள்ளுவண்டியில் போடுவார். நிறைந்ததும் குரல் கொடுத்தால் வெளியே இருப்பவர்கள் கயிற்றால் இழுப்பார்கள். ஆக்சிஜன் முகமூடி, கண்ணாடி, ஹெல்மெட். வெளியிலிருந்து ஒரு ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் தோண்டியதும் எல்லாரும் வெளியே வர, பின்னால் நிற்கும் ஆகரின் ஜாக் குழாயைத் தள்ளும். மறுபடி உள்ளே. முறை வைத்து ஆள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

குழாய்க்கு முன்னால் எவ்வளவு தோண்டுவது என்பதில்தான் சூட்சுமம். அதிகம் தோண்டினால், குழாயின் காப்பு இல்லாத இடத்தில் தோண்டுபவன் தலை இருக்கிறது. மேல் மண் விழுந்தால் அவன்தான் முதல் பலி. குறைவாகத் தோண்டித் தள்ளினால் குழாயின் விளிம்பு கல்லில் முட்டி நசுங்கும். எந்தக் கருவியும் இந்த அளவைச் சொல்லாது. மண்ணைத் தட்டினால் வரும் சத்தமும் கையில் தெரியும் ஈரமும்தான் சொல்லும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 சென்டிமீட்டர் வட்டம், 12 மீட்டர் நீளம்: ஆறு கன மீட்டர். கன மீட்டருக்கு இரண்டு டன் என்று வைத்தாலும் 12 டன். நடைக்கு நூறு கிலோ என்றால் 120 நடை, ஐம்பது மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். இதை ஏறக்குறைய ஒரே நாளில் முடித்தார்கள்.

28ஆம் தேதி இரவு ஏழு மணி வாக்கில் வழி திறந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் குழாய் வழியே உள்ளே போய், சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சரில் ஒவ்வொருவராகப் படுக்கவைத்து அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 41 பேரும் வெளியே. மலையுச்சியிலிருந்து நேர் கீழாக 86 மீட்டர் துளைக்கும் வேலையும், அதற்கு இயந்திரம் ஏற எல்லைச் சாலை அமைப்பு வெட்டிய பாதையும், பர்கோட் பக்கம் வெடி வைத்து முன்னேறியதும் தேவைப்படாமல் போயின. தேவைப்படாமல் போனாலும் அவையும் கணக்கில் சேர வேண்டியவைதான். ஒரே வழியை நம்பி உட்கார்ந்திருந்தால், 24ஆம் தேதி இரவு திருகு முறிந்தபோது கையில் மாற்று வழி எதுவும் இருந்திருக்காது.

2018இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது இந்தச் சுரங்கத்தின் விவரத்திலேயே தப்பிக்கும் பாதை ஒன்று இருந்தது. கூரை சரிந்த அன்று அந்தப் பாதை இல்லை. அதுவும் இல்லையென்றால், குடையும்போதே பலவீனமான இடத்தைத் தாண்டிப் பெரிய குழாய் ஒன்றைத் தரையோரம் போட்டுக்கொண்டே போவது வழக்கம். கூரை விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் அதற்குள் தவழ்ந்து வந்துவிடுவார்கள். 

12 பேருக்கும் உத்தராகண்ட் அரசு தலைக்கு 50,000 ரூபாய் தந்தது. மூன்று மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 28 அன்று, அவர்களில் ஒருவர் டெல்லி கஜூரி காஸில் குடும்பத்தோடு இருந்த வீட்டை, ஆக்கிரமிப்பு என்று சொல்லி டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. அதற்கு இயந்திரம் கொண்டுவந்திருந்தார்கள்.