லொட்ஜ்காரனும் இங்கிலிஷ் சேரும்

சேர் காலமான செய்தி வந்த அன்று ரொறன்ரோ பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவருடைய பிரம்பைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு சொல்: பிரிக்கேரியஸ் (precarious), எந்த நேரமும் கைவிட்டுப் போகக்கூடிய நிலை.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் அம்மா, அக்கா, நான், ஒரே அறை. பொலிஸ் பதிவு, இரவில் கதவு தட்டுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் வகுப்பில் சேர் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு வசனம் கேட்டார். முன்வாங்குக்காரர்கள் ஆடுகிற கதிரை, ஆடுகிற ஏணி என்று எழுதினார்கள். எங்கள் லொட்ஜ் வாழ்க்கை பிரிக்கேரியஸ் என்று நான் எழுதினேன். அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "ஏன்? எழும்பி விளங்கப்படுத்தும்" என்றார். முதலாளி எப்போது போகச் சொன்னாலும் போக வேண்டும் என்றேன். வகுப்பே சிரித்தது. ஏ/எல் முடியும்வரை எனக்குப் பெயர் 'லொட்ஜ்'. இந்த மலரைத் தயாரிக்கும் குழுவிலும் சிலர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், சரி, போகட்டும்.

சேர் சிரிக்கவில்லை. ஆடுகிற கதிரைக்கு ரிக்கட்டி (rickety) போதும் என்றார். சட்டென்று மாறும் குணத்துக்கு வொலட்டைல், volatile (அவருக்கே பொருந்தும், யார் சொல்வது?). பிரிக்கேரியஸின் லத்தீன் மூலத்துக்கு, மன்றாடிப் பெற்றது என்று பொருளாம். ரோமச் சட்டத்தில், கேட்டதற்காக இரங்கிக் கொடுத்த நிலத்தைக் கொடுத்தவர் நினைத்த நேரத்தில் திருப்பி எடுக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே பொருள்தான். ஆபத்து, விழுந்துவிடும் நிலை எல்லாம் பிறகு ஒட்டியவை. "இவன் எழுதினதுதான் மூலப் பொருள்" என்று பத்துக்குப் பத்து போட்டார். அதை வகுப்பு முடிந்தபின் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்போது நான் கனடியப் பிரஜை. சேருக்குக் கோல் எடுத்தேன்.

"உம்மட வசனத்தை இப்பவும் வகுப்பில எழுதிப் போடுறனான், பேர் சொல்லுறேல்லை" என்றார். கனடாவில் இருக்கிற உங்கள் மகளிடம் வந்து இருக்கலாமே என்றேன். "அவளின்ர பேஸ்மென்டில இருக்கிறதுக்கும் அந்தச் சொல்லுத்தான் தம்பி."

நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பிறகு வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோவிட். ஒவ்வொரு கோடையிலும் டிக்கெட் விலை பார்த்ததோடு சரி.