மிச்சமான டிரை ஐஸும் மத்தியான வெயிலில் நிற்கும் வண்டியும்

சித்திரை வெயில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் ஓட்டுநர்களில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். பரிசோதனைச் சாம்பிள் இறக்கிய பிறகு பெட்டியில் கொஞ்சம் டிரை ஐஸ் மிச்சம் இருக்கிறதே, அதை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் திரும்ப ஏறும்போது குளுகுளுவென்று இருக்காதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஈரோட்டிலோ கரூர் பரமத்தியிலோ மே மாத மத்தியானத்தில் நிறுத்திய வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு அது புரியும். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது, சீட் முதுகைச் சுடும். அப்படிப்பட்ட வண்டியில்தான் அவர்கள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

கோவையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குச் சாம்பிள் வந்து சேரும் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். கோபி, சத்தி, தாராபுரம், காங்கேயம் என்று சுற்றுப்பட்டு ஊர்களின் சிறிய மையங்களிலிருந்து எங்கள் வண்டிகள் எடுத்து வரும். பெரும்பாலானவை ஜெல் பேக் வைத்து 2 முதல் 8 டிகிரிக்குள் வந்தால் போதும். ரத்தத்திலிருந்து பிரித்து உறைந்தபடியே வரவேண்டிய பிளாஸ்மா, சீரம் மாதிரியானவற்றுக்கு மட்டும் தெர்மாகோல் பெட்டியில் டிரை ஐஸ் போடுவோம். உறைந்து கட்டியான கார்பன் டை ஆக்சைடுதான் அது. மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும். உருகித் தண்ணீர் விடாமல் நேராக வாயுவாகிப் போய்விடும். சாம்பிள் நனையாது, பெட்டி சொதசொதவென்று ஆகாது. எங்கள் வேலைக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. அதனாலேயே எல்லோருக்கும் அதன்மேல் ஒரு பிரியம்.

காங்கேயம் பக்கத்து மூத்த ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். வயதில் என் அப்பாவுக்கு நெருக்கம் என்றாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "ஏன் அம்மிணி, காசு போட்டு வாங்குன ஐஸு. சும்மா ஆவியாப் போறதுக்கு வண்டீல சித்த நேரம் வெச்சா ஆகாதா?" என்று ஒரு முறை கேட்டார். "ஆகாதுங்ணா" என்று மட்டும் சொல்லி நகர்ந்திருக்கலாம். ஆனால் ஆகாது என்று மட்டும் சொன்னால், நான் கண்ணில் படாத இடத்தில் ஆகும் என்று வைத்துப் பார்ப்பார்கள். காரணம் தெரிந்தவர்தான் தனியாக இருக்கும்போதும் செய்ய மாட்டார். அதனால் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம்.

முதலில் குளிர்க் கணக்கு. மைனஸ் 78 என்றதும் பெரிய பலம் என்று தோன்றும். ஒரு கிலோ சாதாரண ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். ஒரு கிலோ டிரை ஐஸ் ஆவியாகும்போது 571. இரண்டு மடங்குகூட இல்லை. மிச்சமிருப்பது அரைக் கிலோ என்றால், அந்த வாயு சூடேறும்போது இழுக்கும் வெப்பத்தையும் சேர்த்து 330 கிலோஜூல் வரும். எதிர்ப்பக்கம் உச்சி வெயில். தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் வாட் விழும். கண்ணாடி வழியாகவும் கூரை வழியாகவும் வண்டிக்குள் ஒரு கிலோவாட் போகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்ளலாம். அந்த அரைக் கிலோ ஐஸ் கொடுக்கும் மொத்தக் குளிரையும் வெயில் ஐந்தாறு நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். உள்ளே இருக்கும் காற்றை மட்டும் குளிர்விப்பது சுலபம், ஏனென்றால் அதன் எடை மூன்று நான்கு கிலோதான். டேஷ்போர்டும் சீட்டும் இரும்பும் வாங்கி வைத்திருக்கும் சூடுதான் திரும்பத் திரும்ப அந்தக் காற்றைக் கொதிக்க வைக்கிறது. அண்ணா காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். "இத்தனைதானுங்களா?" என்றார். அந்த இடத்திலேயே அவருக்குப் பாதி ஆசை போய்விட்டது.

அப்புறம் வாயுக் கணக்கு. எனக்கு முக்கியம் இதுதான். ஒரு கிலோ டிரை ஐஸ் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 540 லிட்டர் வாயுவாக விரியும். அரைக் கிலோவுக்கு 270 லிட்டர். சாதாரணக் காருக்குள் இருப்பது சுமார் மூவாயிரம் லிட்டர் காற்று. கண்ணாடி ஏற்றிய வண்டியில் அந்த அரைக் கிலோ முழுதும் ஆவியானால் கார்பன் டை ஆக்சைடு 8 சதவீதத்தைத் தாண்டும். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் சராசரியாக 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் வரம்பு. 4 சதவீதம் வந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். 10 சதவீதத்தை நெருங்கினால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். ஆக்சிஜன் குறைவதால் மட்டும் வரும் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். ஆக்சிஜன் ஓரளவு இருக்கும்போதே இந்த வாயு ரத்தத்தை அமிலமாக்கி மூளையை மந்தமாக்கிவிடும்.

எங்கள் ஊர் வெயிலில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த வாயு அதிகமானால் தலை வலிக்கும், வேர்க்கும், மூச்சு வேகமாகும், நெஞ்சு படபடக்கும், கண் சொருகும். வெயிலில் அலைந்தவருக்கும் இதே அறிகுறிகள்தான். வண்டியில் ஏறியதும் தலை கனத்தால் வெயில்தான் என்று நினைத்து, கண்ணாடியை இன்னும் இறுக்கி ஏற்றி ஏசியைக் கூட்டத் தோன்றும். உயிர் பிழைக்கக் கதவைத் திறக்க வேண்டிய நேரத்தில் அதற்கு நேர்மாறானதைச் செய்துவிடுவோம். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். உயரட்டும்.

வெள்ளைப் புகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதும் சரிவராது. அந்தப் புகை காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து உண்டாகும் பனிமூட்டம். வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. சூடான வண்டிக்குள் அந்தப் பனிமூட்டம் சட்டென்று மறைந்துவிடும். புகை போய்விட்டது என்று ஏறி உட்காருபவர் வாயுவுக்குள்தான் உட்காருகிறார். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, அதிலும் குளிர்ந்து வருவது. அசையாத காற்றில் கீழே படிந்து காலடியிலும் சீட் மட்டத்திலும் தேங்கும். பின்சீட்டில் படுத்திருக்கும் குழந்தைக்கு அது முதலில் எட்டும்.

புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குக் கட்டிடத்தின் வெளித் திண்ணையில் இதைக் காட்டுவேன். அடியில் ஒரு பிடி டிரை ஐஸ் கிடக்கும் ஆழமான பெட்டியைச் சற்று நேரம் அப்படியே விட்டு, கம்பியில் கட்டிய மெழுகுவத்தியை ஏற்றி உள்ளே மெதுவாக இறக்கச் சொல்வேன். பாதி ஆழத்துக்குள் சுடர் அணைந்துவிடும். மறுபடி ஏற்றி மறுபடி இறக்குவார்கள், மறுபடியும் அணையும். நான் போட்ட கணக்கெல்லாம் மறந்து போனாலும் அந்தச் சுடர் அணைவதை யாரும் மறப்பதில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்கும் பழக்கமும் அன்றோடு போய்விடும்.

2018 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்ததையும் சொல்வேன். ஐஸ்கிரீம் விற்பவர் ஒருவரின் காரில் டிரை ஐஸ் பெட்டிகள் இருந்தன. அந்தக் காரை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவியும் தாயும் கிளம்பினார்கள். சில மணி நேரம் கழித்து இருவரும் காருக்குள் மயங்கிக் கிடந்தது தெரியவந்தது. தாய் இறந்துவிட்டார். அந்தப் பெட்டிகள் காரைக் குளிர்விக்கவென்று வைத்தவைகூட இல்லை.

அப்படியானால் எங்கள் வண்டிகள் தினமும் எப்படி எடுத்து வருகின்றன? ஆம்னி, ஈகோ மாதிரியான வேன்களில் ஓட்டுநருக்கும் பெட்டிக்கும் நடுவே தடுப்பு இல்லை, இருவருக்கும் ஒரே காற்று. சாதாரணப் பெட்டியில் ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நாலு கிலோ வரை கரையும். அதாவது மணிக்கு 45 முதல் 90 லிட்டர் வரை வாயு வண்டிக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைத் தொடவே கூடாது, வெளிக்காற்று எப்போதும் வர வேண்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். பெட்டி மூடியை டேப் போட்டு அடைக்கக் கூடாது. டீ குடிக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போயிருந்தால், திரும்பி வந்ததும் கதவுகளை எல்லாம் திறந்து காற்று மாறிய பிறகுதான் ஏற வேண்டும். தாகத்துக்குக் கொண்டுவந்த பாட்டிலில் துண்டு போட்டு மூடி திருகினால் பாட்டில் வெடிக்கும். வெறுங்கையில் எடுத்தால் தோல் வெந்த மாதிரி கொப்புளித்துவிடும்.

அண்ணா விடவில்லை. "செரி அம்மிணி, ஆளே இல்லாத வண்டீல, கண்ணாடிய எறக்கி வெச்சுட்டா?" ஆள் யாரும் இல்லாமல், எல்லாக் கண்ணாடியும் இறங்கி, ஐஸை வெளியே எடுத்த பிறகு நான்கு கதவும் திறந்து நன்றாகக் காற்றாடவிட்டு ஏறினால் உயிருக்குப் பயமில்லைதான். ஆனால் கதவைத் திறந்து வாயுவை வெளியேற்றும்போது குளிர்ந்த காற்றும் கூடவே போய்விடும். சூடு வாங்கிய சீட் அப்படியே இருக்கும். பாதுகாப்பாகச் செய்தால் பலன் இல்லை என்று அவரே சொல்லி முடித்தார்.

வெயிலுக்குச் செய்ய வேண்டியது வேறு. வேப்பமரமோ புளியமரமோ, கிடைத்த நிழலில் நிறுத்துவது. முன் கண்ணாடிக்கு வெள்ளி நிறத் தடுப்பு. எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நிமிடத்தில் உள் சூடு வெளியே போய்விடும். கண்ணாடிகளை இறக்கியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி, அப்புறம் ஏசி. ஸ்டியரிங் மேல் ஒரு ஈரத் துண்டு. இவ்வளவுதான், காசும் செலவில்லை.

மிச்சமாகும் டிரை ஐஸை மொட்டை மாடியில், மற்றவர் வராத மூலையில், மூடாத பெட்டியில் விட்டுவிடுகிறோம். ஓட்டுநர் ஓய்வறையில் வைப்பதில்லை, சிங்க்கில் கொட்டுவதில்லை. கொட்டினால் குழாய் விரிசல் விடும், வாயு கீழே இறங்கித் தேங்கும். சில வண்டிகளில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் மாட்டியிருக்கிறோம், 5,000 பிபிஎம், அதாவது அந்த 0.5 சதவீதத்தைத் தாண்டினால் கத்தும். மற்ற வண்டிகளுக்கும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். அடுத்த சித்திரைக்குள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மீட்டர் இல்லாத வண்டிகளில் ஜெல் பேக் பெட்டிகளை மட்டும்தான் ஏற்ற விடுகிறேன்.